சுவருக்குள் சாப்பிட்ட பல்லி

1966ஆம் வருடம் ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில், அமராவதிபுதூர் கொத்தனார் சிதம்பரத்தின் வீட்டு மேற்குச் சுவருக்குள் ஒரு பல்லி ஈசல் தின்றது. சுவருக்கு வெளியே இருந்த அதே பல்லி அன்றோடு ஒன்பது நாளாக எதையும் தொடவில்லை. மழை விட்டு வெயில் வந்திருந்த நாள் அது. ஊரில் இந்தக் கதையை நாலு விதமாகச் சொல்வார்கள். நான் எழுதுவது கல்லல் கருப்பையா சொன்ன விதம். அவர் தச்சர், அளவு தப்பிப் பேசுகிற பழக்கம் இல்லாதவர், சிதம்பரத்தின் மனைவி அழகம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

சிதம்பரம் வெள்ளைக்கருப் பூச்சுக்குப் பேர்போனவர். சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்த்தால் சுவர் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும். ஆகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு சோதனை இருந்தது. சாரத்தில் ஏறி நின்று ஒரு பல்லியைச் சுவரில் விடுவார். ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு நாள் தேய்க்க வேண்டும். வழுக்கிக் கீழே வந்தால் வேலை முடிந்தது, சாரத்தைப் பிரிக்கலாம். விழுந்த பல்லிகள் எழுந்து ஓடிவிடும். அவற்றைப் பற்றி அவரும் நினைத்ததில்லை, வீட்டுக்காரர்களும் நினைத்ததில்லை. காரைக்குடியில் தேனம்மை ஆச்சி வீட்டுக் கல்யாணக் கூடத்தில் ஐப்பசி மூன்றாம் தேதி அவர் விட்ட பல்லி மட்டும் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து நேராக அழகம்மாளின் உச்சந்தலையில் வந்து விழுந்தது. அவள் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்து, தூக்குச்சட்டியைத் திறக்கக் குனிந்திருந்தாள். தலையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்ததில் வால் தனியாகத் துள்ளியது, பின்னங்கால் ஒன்று மடங்கிவிட்டது. தேனம்மை ஆச்சி முதலில் சுவரைப் பார்த்து நல்ல வேலை என்றார். அப்புறம்தான் அழகம்மாளைப் பார்த்து, "தலைக்கு ஊத்திக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்துரு ஆத்தா" என்றார்.

உச்சந்தலையில் பல்லி விழுந்தால் மரண பயம் என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கும். அழகம்மாள் தலைக்குக் குளித்துவிட்டு, மறுநாள் திருக்கோஷ்டியூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பெருமாளுக்கு நெய்விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். எல்லாரும் செய்வது இதுதான். எல்லாரும் செய்யாத ஒன்றையும் அவள் செய்தாள்: அடிபட்ட பல்லியை அன்றைக்கே தூக்குச்சட்டி மூடியில் எடுத்துவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். "நாம விட்டுத்தானே விழுந்துச்சு. கெடந்து சாகட்டும்னு போட்டுட்டு வர முடியுமா" என்று கேட்டாள். அதற்குப் பதில் வைத்திருந்தவள் சிதம்பரத்தின் அக்காள் காளியம்மாள். அடுத்த தெருவில் இருந்தவள் சேதி கேட்டு வந்து மூடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உச்சந்தலையில விழுந்த பல்லி உசுரோட இருக்குற வரைக்கும் பலன் அதுக்கிட்டயே நிக்கும் அழகம்மா. அது கண்ண மூடிருச்சுன்னா ஒங்கிட்ட வந்துரும். பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதுவரை இரக்கமாக இருந்தது அந்த நிமிஷத்திலிருந்து பயமாக மாறியது. காளியம்மாள் கெட்டவள் இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறவள். கேட்டவர்களால்தான் மறக்க முடியவில்லை.

பல்லியை வைக்க வீட்டிலேயே சிறந்த இடம் எது என்று யோசித்துச் சிதம்பரம் உள்ளறையின் மேற்குச் சுவரைக் காட்டினார். ஊரெல்லாம் கண்ணாடிச் சுவர் எழுப்பியவரின் சொந்த வீட்டில் மூன்று சுவர் மண்சுவர்தான். மேற்குச் சுவரை மட்டும் 1958இல், மிஞ்சிய சாமான்களைச் சேர்த்துச் சேர்த்து, தனக்கென்று பூசியிருந்தார். அவர் பூசியதிலேயே அதுதான் உயர்த்தி. வேலை கொடுக்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போய் நிறுத்துவார், அவர்கள் தங்கள் மூக்குத்தியையும் கடுக்கனையும் சுவரில் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் தேதி குறிப்பார்கள். கருப்பையா கல்லலிலிருந்து வந்து மூன்று பக்கம் பலகை வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்து, திறந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்தார். கால் மடங்கிய பல்லியால் பலகையில் ஏற முடியாது, சுவரில் எந்தப் பல்லியாலும் ஏற முடியாது.

அதற்குச் சாப்பாடு கொடுக்கும் வேலை தொடங்கியது. கொசுவை அடித்துப் போட்டார்கள். செத்ததைத் தொடாது என்று யாரோ சொல்ல, உயிரோடு பிடித்து இறக்கையைக் கிள்ளிப் போட்டார்கள். கரையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்தார்கள். அழகம்மாள் வெல்லத்தைப் பொடித்துத் தூவி எறும்பை வரவழைத்தாள். பாலில் நனைத்த துணித் திரியை வாயருகே நீட்டினாள், அது வாயை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்தது. வீட்டுப் பல்லியின் வயிற்றுத் தோல் மெலிசு, தின்றது உள்ளே கறுப்பாகத் தெரியும். காலையில் எழுந்ததும் அழகம்மாள் குனிந்து பார்ப்பது அந்த வயிற்றைத்தான். அது வெளிறிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் விலா எலும்பு ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. பல்லி சாகிறதா தான் சாகிறோமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று.

பன்னிரண்டாம் தேதி ஈசல் பறந்தது. அழகம்மாள் ஏழு ஈசலைப் பிடித்து இறக்கையைக் கிள்ளிப் பெட்டிக்குள் விட்டாள். பெட்டிக்குள் ஏழு ஊர்ந்தன. சுவருக்குள் ஆறுதான் ஊர்ந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஐந்தானது. வெளியே இருந்த பல்லி அசையாமல் கிடந்தது. சுவருக்குள் இருந்த பல்லி நாக்கை நீட்டி, எடுத்து, தலையைத் தூக்கி விழுங்கியது. அதன் வயிறு கறுத்து உப்பியிருந்தது. அழகம்மாள் கத்தவில்லை, எழுந்து போய்ப் புருஷனைக் கூட்டிவந்தாள். சிதம்பரம் பார்த்துவிட்டு, வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்றார். பிறகு செம்புத் தண்ணீரைக் குடிக்கப் போனவர் பாதியை வேட்டியில் ஊற்றிக்கொண்டார்.

அன்று மத்தியானம் அழகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் இறங்காமல் இருப்பது யாருக்கும் உள்ளதுதான். இரண்டாம் நாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் தட்டை வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தபோது, சுவருக்குள் இருந்த அழகம்மாள் தட்டில் கை வைத்துப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு மென்றாள். இங்கே கை மடியில் கிடந்தது, அங்கே கை வாய்க்குப் போய்வந்தது. அங்கே தட்டு காலியானது, இங்கே சோறு அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் இந்தப் பக்கத்து அழகம்மாளுக்கு வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அந்தப் பக்கத்து அழகம்மாளுக்கு ரவிக்கைக் கை இறுகிச் சதை பிதுங்கியது. அவள் நன்றாகத்தான் இருந்தாள், கன்னம் மின்னியது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அழகம்மாள் அதைக் குடித்த மாத்திரத்தில் வாந்தியெடுத்தாள். சுவருக்குள் பாட்டில் நாலே நாளில் தீர்ந்தது.

சிதம்பரம் ஒரு நாலுமுழ வேட்டியை ஆணியடித்துச் சுவருக்குத் திரை போட்டார். திரைக்குப் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தமும் கேட்டது, அந்த வீட்டில் அன்று அப்பளம் பொரிக்கவில்லை. காளியம்மாள் வந்து கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து வெளியே ஓடினாள். கடைசியில் கருப்பையா மாட்டுவண்டி கொண்டுவந்து தங்கையைக் கல்லலுக்குத் தூக்கிப் போனார். தூக்கும்போது கனமே இல்லை, காய்ந்த பலகையைத் தூக்குகிற மாதிரி இருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். பல்லியையும் பெட்டியோடு வண்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். சுவரை விட்டு ஆறேழு மைல் தள்ளிப் போய்விட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள்.

சரியாகவில்லை. மூன்று நாள் கழித்துக் கருப்பையா அமராவதிபுதூருக்கு வந்தார். சிதம்பரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், தாடி மண்டியிருந்தது. அழகம்மாள் போன மறுநாளிலிருந்து வீட்டுக்குள் போகவே இல்லை, சமைக்கவும் இல்லை, பக்கத்து வீட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு வெளியிலேயே கிடந்தார். கருப்பையா உள்ளே போய் வேட்டியை விலக்கிப் பார்த்தார். ஆளில்லாத அறையில், சுவருக்குள், யாரும் வைக்காத இலைக்கு முன்னால், அவர் தங்கை சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்த பல்லி படுத்திருந்தது. அவள் தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

கருப்பையா வெளியே வந்து சிதம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சி அங்குட்டு பச்சத்தண்ணி எறங்காமக் கெடக்கா. நாளைக்குத் தாங்குவாளோ என்னமோ. இங்குட்டு ஒக்காந்து சாப்புடுறது யாரு மாப்ள?"

"எனக்கு ஈசல் பறந்த அன்னைக்கே தெரியும் மச்சான்" என்றார் சிதம்பரம்.

அவருக்குத் தெரிந்தது இதுதான். மெருகு ஏறிய புதுச்சுவரை நாற்பத்தெட்டு நாள் துணி போட்டு மறைத்து வைப்பார்கள். சுண்ணாம்பு தண்ணீர் குடித்துக் குடித்து இறுகுகிற நாட்கள் அவை, அதுவரை சுவர் பசியோடு இருக்கும் என்பது கொத்தனார்கள் கணக்கு. கடைசி நாளன்று சுவருக்கு முன்னால் இலை போட்டுத் தயிர்சோறு வைத்து, துணியை எடுத்துவிட்டு, எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். அது சுவரின் முதல் சோறு. சுவர் கண் திறந்து முதலில் பார்ப்பது சோறாக இருக்க வேண்டும், ஆளாக இருக்கக்கூடாது. எத்தனையோ வீடுகளில் சிதம்பரம் இதைத் தவறாமல் செய்தவர். தன் வீட்டுச் சுவருக்கு மட்டும் செய்யவில்லை. 1958இல் அந்த நாற்பத்தெட்டாம் நாள் அழகம்மாள் தயிர்சோறு பிசைந்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அவர் வெளியூர் வேலையிலிருந்து பசியோடு வந்தார், துணியை இழுத்துப் போட்டார், சுவரில் தன் மீசையைப் பார்த்தார். பார்த்து அசந்துபோய், நம்ம வீட்டுச் சுவர்தானே என்று, சுவருக்கு எதிரே உட்கார்ந்து தன் முகத்தை ரசித்தபடி அந்தச் சோற்றை அவரே சாப்பிட்டு முடித்தார். சுவர் எட்டு வருஷம் பொறுத்திருந்தது. அந்தச் சுவருக்கு எதிரே யாரும் சோறு கொண்டுபோய் வைக்கவில்லை, அது வேலைகொடுக்க வருகிறவர்கள் நின்று பார்க்கிற இடம். பல்லிக்கு வைத்ததுதான் அதற்கப்புறம் அதன் முன்னால் வைத்த முதல் சாப்பாடு.

"அன்னைக்கே தெரியும்னா எதுக்குய்யா சொல்லல?" என்று கருப்பையா கேட்டார்.

"தயிர்சோறு வச்சுப் பாத்தேன் மச்சான், அவ கல்லலுக்குப் போன அன்னைக்கே. எடுத்துக்கிச்சு. எடுத்துக்கிட்டும் விடல. இனி கொத்தித்தான் விடணும். அந்தச் சுவத்தக் கொத்துறதா?" என்ற சிதம்பரம், உடனே மாற்றி, "அது இல்ல. பொய் சொல்றேன். மொத நாலு நாளு சுவத்துக்காகத்தான் சொல்லல. பெறகு பயம். கொத்தினா உள்ள இருக்கிறவ என்ன ஆவா? அவளுக்கு ஒண்ணு ஆனா இவளுக்கு ஆகாதுன்னு யாரு சொல்ல முடியும்?" என்றார். அவர் அழுததைக் கருப்பையா அன்றுதான் முதல்தடவை பார்த்தார். கொத்தாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் அழகம்மாளையும் பல்லியையும் திரும்பக் கொண்டுவந்து உள்ளறையில், சுவரைப் பார்க்காமல், கிழக்கே பார்த்துப் படுக்கவைத்தார்கள். அவளுக்குக் கண் திறக்கத் தெம்பில்லை. பல்லியின் பக்கத்தில் ஐந்தாறு கரையானைப் போட்டுவைத்தார்கள், அது தின்னும் என்ற நம்பிக்கையில் இல்லை, வெறும் பழக்கத்தில். சிதம்பரம் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வேட்டியைப் பிடுங்கி எறிந்தார். உள்ளே அவள் மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சிதம்பரமும் உட்கார்ந்திருந்தார், எட்டு வருஷத்துக்கு முந்தைய மீசையோடு, காலி இலைக்கு முன்னால். அவர் உளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதாகக் கருப்பையா சொல்வார். பல்லியின் மேல் கொண்டுபோனார், எடுத்துவிட்டார். அழகம்மாளின் கால்விரல் பக்கம் கொண்டுபோனார், எடுத்துவிட்டார். கடைசியில் உளியைத் தன் நெஞ்சில் வைத்தார், சுவருக்குள் இருந்த தன் நெஞ்சில். வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார்.

வலிக்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். குளிர்ந்தது என்றார், சுண்ணாம்புத் தண்ணீரை மேலே ஊற்றிய மாதிரி. நெஞ்சு உதிர்ந்தது, தோள் உதிர்ந்தது, மீசை சில்லுச் சில்லாகத் தரையில் விழுந்தது. தன் உருவம் முழுவதையும் அவர் கொத்தி முடிக்கும்வரை சுவருக்குள் இருந்த அழகம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். முந்தானையைச் செருகினாள். பெரிய பல்லி அவள் காலடியில் ஓடியது. இரண்டு பேரும் வடக்கு மூலைப் பக்கம் நடந்து, வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் போலச் சுவரின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சிதம்பரம் மீதிச் சுவரையும் ஒரு சாண் விடாமல் கொத்திப்போட்டார். அது சாயங்காலம்வரை ஆனது. அவர் நடுவில் நிறுத்தியது ஒரே ஒரு தடவைதான். முதுகுக்குப் பின்னால் அழகம்மாள், "பசிக்குதுங்க" என்றபோது.

கருப்பையா ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தார். அவள் குடித்தாள். குடித்துக்கொண்டே கையை நீட்டிப் பெட்டிக்குள் காட்டினாள். ஒரு கரையான் குறைந்திருந்தது. பல்லியின் வெளிறிய வயிற்றில் எள்ளளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

அன்றிலிருந்து சிதம்பரத்துக்குக் கண்ணாடியில் உருவம் விழுவதில்லை. முடிவெட்டும் கடையில் முதல்முறை இது தெரிந்தபோது கடைக்காரர் கத்தியைக் கீழே போட்டார், அடுத்த மாதத்திலிருந்து பழகிக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரிலும் விழாது, அவரே பூசிய சுவரிலும் விழாது. அதனால் வேலை நிற்கவில்லை. பல்லிச் சோதனையை விட்டுவிட்டார். மெருகு முடிந்த சுவருக்கு நாற்பத்தெட்டாம் நாள் முதல் சோறு வைத்த பிறகு அழகம்மாளை வரச்சொல்வார். அவள் சுவருக்கு முன்னால் போய் நின்று வலக்கையைத் தூக்குவாள், இறக்குவாள், வாயை அசைக்காமல் நூறு எண்ணும் நேரம் நிற்பாள். உள்ளே இருப்பவளும் அதே மாதிரி நின்றால், "சரியா இருக்குங்க" என்பாள். வீட்டுக்காரர்கள் இதையும் சேர்த்தே வேலை பேசினார்கள். காலையில் சிதம்பரத்தின் நெற்றியில் திருநீறு கோணலாக இருந்தால் அவள்தான் சரிசெய்வாள். அவர் மீசையை ஒதுக்குவதும் அவள் சொல்லித்தான்.

1974இல் கருப்பையாவின் மகள் கல்யாணத்தின்போது இரண்டு பேரும் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். கழுவி வந்த படத்தில் அழகம்மாள் நல்ல சதைப்பிடிப்போடு, பட்டுச்சேலையில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. படத்தைச் சட்டம் போட்டு, மறுபடி பூசாமலே விட்டிருந்த மேற்குச் சுவரில் மாட்டினார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏன் நாற்காலி காலியாக இருக்கிறது என்று கேட்டால், "அவுக இருக்காக. ஒங்களுக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்துபோவாள்.

கொத்திய சுவர் சொரசொரப்பாக இருந்ததால் பல்லி ஏறக் கற்றுக்கொண்டது. மடங்கிய கால் மடங்கியேதான் இருந்தது, வால் குட்டையாக முளைத்தது. படச்சட்டத்துக்குப் பின்னால் குடியேறி, பல்லிகளுக்கு உள்ள ஆயுசையெல்லாம் தாண்டி இருந்தது. நான் 1978இல் அந்த வீட்டுக்குப் போனபோதும் இருந்தது. பஞ்சாங்கத்தில் மரணம் என்று போடவில்லை, மரண பயம் என்றுதான் போட்டிருந்தது. அந்தப் பயம் வீட்டைவிட்டுப் போகவில்லை. தினமும் காலையில் சிதம்பரம் படத்தை ஒரு விரலால் தூக்கி, பின்னால் ஒட்டியிருக்கும் பல்லியின் வயிற்றைப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் படத்தை விட்டுவிடுவார். பிறகு அழகம்மாளுக்கு இலை போட்டு, அவள் மூன்று வாய் சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம்தான் தனக்கு இலை. எங்கள் ஊரில் புருஷனுக்கு முன்னால் சாப்பிடுகிற பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.